கூடுதலாக ஒரு விரற்கடை

ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்குத் 'துறையின் பொற்காலம்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை ஆள் விட்டார். பொற்காலம் என்று ஒன்று வந்துபோயிருந்தால் அந்தச் சமயத்தில் நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்திருப்பேன்; என் கண்ணில் படவில்லை. நான் கண்டதெல்லாம் அச்சும் பட்டையும் ஒழுகுகிற எண்ணெயும்தான். ஆகவே சாக் அப்சார்பரைப் பற்றி எழுதுகிறேன். பிடித்தால் போடட்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பட்டும்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் கோவிலூர்ச் சாலையில் தெரிந்தவர் பட்டறையில் நின்றிருந்தேன். தரையிலிருந்து நன்றாகத் தூக்கிக் கட்டிய ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவருக்கு நாற்பது வயதிருக்கும். நாலு சாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டுமென்றார்.

"எத்தனை இஞ்ச் தூக்கியிருக்கீக?" என்று கேட்டேன்.

"மூணு."

"அளந்து பாத்தீகளா?"

"அளக்குறதெல்லாம் எதுக்குங்கய்யா? மூணு இஞ்ச் தூக்குனா இந்த நம்பர்னு போன்லயே போட்டிருக்கான்."

எரிச்சல் தலைக்கேறியது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதுதான் காரணம். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா நிலைக்கதவு செய்கிற ஆசாரி. பத்து வருஷம் அவரிடம் உளி பிடித்தேன். மரத்தூள் ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்ததால் காரைக்குடியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஐந்து வருஷம். அறுபதுகளின் நடுவில், ஆழ்குழாய்க் கிணறு போடும் அரசுப் பிரிவு ஒன்றின் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்தது. மரவேலையை விட்டேனே தவிர அதன் பழக்கம் ஒன்று என் கையை விட்டுப் போகவில்லை. ஆசாரி வீட்டில் மரத்தைக் குறித்த அளவுக்கு அறுக்க மாட்டோம். ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், கூடுதலாக விட்டுத்தான் அறுப்போம். கூடினால் இழைத்துக்கொள்ளலாம், குறைந்தால் அடுப்புக்குத்தான் போகும். இது எங்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமே அல்ல.

பணிமனைக்கு அதிகாரி உதவிப் பொறியாளர் பரமேஸ்வரன். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். நல்ல படிப்பாளி, கைச்சுத்தமானவர், மாலை ஐந்தரைக்கு முன்னால் நாற்காலியை விட்டு எழ மாட்டார். இவ்வளவு நல்ல குணங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நம்மை எவ்வளவு பாடாய்ப் படுத்த முடியும் என்பதற்கு அவரே சாட்சி. எந்தக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தாலும் ஓரத்தில் பச்சை மையில் 'பேசுக' என்று எழுதுவார். நாம் போய் அவர் மேசைக்கு முன்னால் நிற்போம். அவர் நிமிர மாட்டார். கால் மணி கழித்து, "அப்புறம் வாய்யா" என்பார். இப்படி நாலைந்து நடை நடந்தபின் ஒருநாள் இரண்டு வாக்கியம் பேசுவார். நாம் வெளியே வந்து 'பேசுக'வுக்குக் கீழே 'பேசப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். என்ன பேசினார், என்ன முடிவு என்று எழுதும் வழக்கமில்லை. நாளைக்குக் காரியம் கெட்டுப்போனால் கோப்பில் இருப்பது அந்த 'பேசப்பட்டது' மட்டும்தான். யார் பேசியது, யார் கேட்டது என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்து, ஊர் ஊராகக் கிணறு போடச்சொல்லி நெருக்கினார்கள். எங்கள் ஜீப் ஓடையிலும் செம்புறாங்கல் பாறையிலும் ஏறி இறங்கியது. ஒருநாள் குன்றக்குடிக்கு அங்குட்டு ஒரு ஓடையில் வண்டியின் வயிறு கல்லில் மோதி எண்ணெய்த் தொட்டி உடைந்தது. பரமேஸ்வரன் வெயிலில் நாலு மைல் நடந்து வந்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "வண்டியை மூணு இஞ்ச் தூக்குய்யா" என்றார். அதற்கு மட்டும் கோப்பு வேண்டியிருக்கவில்லை.

"தூக்குனா சாக்கையும் மாத்தணுங்கய்யா" என்றேன்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்து, அதைத் தாங்கும் கொக்கிகளையும் நீளமாக அடித்துப் போட்டோம். வண்டி மூன்று அங்குலம் உயர்ந்தது. பரமேஸ்வரன் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளத்தில் விழுந்த வண்டியை ஸ்பிரிங் பட்டை துள்ளச் செய்யும். அந்தத் துள்ளலை அடக்குவது சாக். சைக்கிள் பம்பு போல நீண்டு சுருங்கும். ஒரு முனை வண்டிச் சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் மாட்டியிருக்கும். அதற்கு அளவு ஒன்றல்ல, இரண்டு. முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்கச் சுருங்கினால் எவ்வளவு என்று இரண்டையும் பார்க்க வேண்டும். எங்கள் ஜீப்பைத் தூக்கியபின், வண்டி சும்மா நிற்கும்போதே பழைய சாக் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் இழுபட்டு நின்றது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கினால் போதும், தண்டு பிய்ந்துவிடும். அப்படித்தான் ஆயிற்று. மூன்று மாதத்தில் ஐந்து சாக் பிய்ந்தது.

ஒவ்வொரு முறையும் பிய்ந்ததற்குச் சீட்டுக் கட்டி ஸ்டோரில் கொடுத்தால், அதே எண் உள்ள புதுச் சாக் தருவார்கள். வேறு எண் தர விதியில்லை. "பழசு என்னவோ அதுதான் புதுசு" என்பார் ஸ்டோர் கீப்பர். வண்டியே பழைய வண்டி இல்லையே என்றால், "அப்படின்னு பேப்பர் இருக்கா?" என்பார். வண்டியைத் தூக்கியதற்குப் பேப்பர் எங்கே இருக்கிறது?

பரமேஸ்வரனுக்கோ ஐந்து சாக் பிய்ந்ததற்கும் ஒரே காரணம்தான் தோன்றியது. ஓட்டுநர் சவரிமுத்து வண்டியைப் பறக்க விடுகிறான் என்றார். சவரிமுத்து தேவகோட்டைப் பக்கத்துக்காரன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், மூன்று பெண்பிள்ளைகள். தற்காலிக ஓட்டுநராக ஆறு வருஷம் ஓட்டிவிட்டு, நிரந்தரம் ஆக்கும் உத்தரவுக்குக் காத்திருந்தான். தற்காலிக ஆளை ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதனாலேயே அவன் மாட்டுவண்டிக்குப் பின்னால்கூடப் பொறுமையாகப் போவான்.

நீளமான சாக் வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். 'பேசுக.' ஆறு நாள் நடந்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். அப்போதுதான் கோப்புகளெல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று கண்டிப்பாக இருந்த நேரம். நல்ல உத்தரவுதான், தமிழ் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எழுத்தர் சாக் அப்சார்பரை 'அதிர்ச்சி தாங்கி' என்று எழுதி அனுப்பினார். மதுரை ஸ்டோரிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, இது மின்சாரப் பிரிவைச் சேர்ந்தது, அங்கே கேட்டுக்கொள்ளவும் என்று. மறுபடி எழுதினோம். இந்த முறை, என்ன நீளம் என்று கேட்டு வந்தது. பரமேஸ்வரன் என்னிடம் தள்ளிவிட்டார்.

நான் அளந்தேன். எப்படி அளந்தேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கேட்டுக்கும் காரணம் அதுதான்.

வண்டிச் சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்து, சாக்கைக் கழற்றிவிட்டு, அச்சைத் தொங்கவிட்டேன். இதுவரை சரி. மேல் வளையத்தின் நடுவிலிருந்து கீழ் வளையத்தின் நடுவுக்கு அளக்க வேண்டும். கடையில் அப்படித்தான் கணக்கு. நான் மரச்சட்டத்தை அளக்கிறாற்போல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அளந்தேன். பிறகு, கை தன்பாட்டில் ஒரு விரற்கடை கூட்டியது. ஐந்து முறை பிய்ந்ததைப் பார்த்துப் பயந்தவனுக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதுதான் மனதில் நின்றது. பத்தொன்பது அங்குலம் வேண்டிய இடத்தில் இருபத்தொன்று என்று எழுதினேன். அச்சு முழுக்க மேலே ஏறி வந்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை அளக்கவே இல்லை. இரும்புச் சாமானை இழைக்க முடியாது என்பது தெரியாதவனா நான்? பன்னிரண்டு வருஷம் இரும்பில் கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இருபத்தொரு அங்குலச் சாக் வந்தது. பரமேஸ்வரன் ஒப்பமிட்டார், நான் மாட்டினேன். இரண்டு மாதம் ஒன்றும் பிய்யவில்லை. பணிமனையில் ஃபோர்மேன் இடம் காலியாக இருந்தது. என் பெயரைப் பரமேஸ்வரன் எழுதி வைத்திருப்பதாக எழுத்தர் சொன்னார்.

அப்புறம் ஒருநாள் காலையில், வலையபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை மேல், குழாய் இறக்கும் ஆட்கள் நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு சவரிமுத்து வந்திருக்கிறான். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியபோது கீழே சத்தம் கேட்டது. சாக் மாட்டியிருந்த பிராக்கெட் உடைந்து, தொங்கிய சாக் பிரேக் குழாயை அறுத்துவிட்டது. மிதித்த பிரேக் தரையோடு போய்விட்டது. தண்ணீர்ப் பக்கம் போகாமல் வண்டியை மறுபக்கச் சரிவில் கருவேலம் புதருக்குள் விட்டு நிறுத்தினான். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

வண்டியை இழுத்து வந்ததும் அடியில் படுத்துப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அச்சு மேலே ஏறும்போது சட்டத்தில் முட்டாமல் இருக்க ஒரு ரப்பர்க் கட்டை உண்டு. அடியை அதுதான் வாங்க வேண்டும். அந்த ரப்பரில் செம்மண் தூசி கலையாமல் இருந்தது. ஓரத்தில் சிலந்தி வலைகூட இருந்தது. இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட அச்சு அதைத் தொடவில்லை. தொடுவதற்கு ஒரு அங்குலம் முன்பே சாக் முழுக்கச் சுருங்கி, மேற்கொண்டு சுருங்க இடமில்லாமல், அத்தனை அடியையும் தானே வாங்கியிருக்கிறது. வேகமாக ஓட்டினாலும் மெதுவாக ஓட்டினாலும் என்றைக்காவது உடைந்தே தீரும். சவரிமுத்துவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது நான் எழுதிக் கொடுத்த இருபத்தொன்று.

அன்று சாயங்காலம் அவன் பணிமனைக்கு வந்தான்.

"அண்ணே, அடியில படுத்துப் பாத்தீகளே, என்னண்ணே இருந்துச்சு? ரெண்டாவது கியர்லதாண்ணே வந்தேன். கேக்குறவுகளுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீகள்ல?"

"பாப்போம்ப்பா" என்றேன்.

மறுநாளே பரமேஸ்வரன் கோப்பில் எழுதிவிட்டார்: ஓட்டுநரின் அதிவேகமே விபத்துக்குக் காரணம், தற்காலிகப் பணியாளர் ஆகையால் பணியிலிருந்து விடுவிக்கலாம். ஆளுக்குக் காயம் என்பதால் மதுரையில் இருந்த செயற்பொறியாளர் ஒப்புதல் வேண்டும்; அதுவரை சவரிமுத்து வீட்டில் இருக்கட்டும் என்று உத்தரவு.

உண்மையைச் சொல்லாமல் நான் ஒன்பது நாள் ஓட்டினேன். அந்த ஒன்பது நாளும் வேலைக்கு வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஃபோர்மேன் உத்தரவு வந்துவிடட்டும், வந்தபிறகு சொன்னால் என் சொல்லுக்கும் கொஞ்சம் எடை இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு மட்டமான சமாதானத்தை வேறு யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன். பத்தாம் நாள் சவரிமுத்துவின் பெண்டாட்டி சந்தையில் எதிர்ப்பட்டாள். "நல்லா இருக்கீகளாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நேரே அலுவலகத்துக்குப் போய்க் கோப்பை வாங்கினேன்.

பரமேஸ்வரன் குறிப்பு எழுதிய தாளின் மறுபக்கம் காலியாக இருந்தது. அதிலேயே எழுதினேன்: சாக்கின் நீளத்தைத் தவறாக அளந்தது நான், ரப்பர்க் கட்டையில் தூசி கலையாமல் இருப்பதே சாட்சி, ஓட்டுநர்மீது குற்றமில்லை. சாயங்காலம் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மை. 'பேசுக.'

போனேன். அன்றைக்கு அவர் உடனே நிமிர்ந்தார். உட்காரச் சொன்னார். நாற்காலியில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான்.

"என்னய்யா ஆசாரி, நீ அளந்தே, நான் கையெழுத்துப் போட்டேன். உன் தப்புன்னா என் தப்பும்தானே?"

"ஆமாங்கய்யா."

"ஆமாங்கறியே. வண்டியைத் தூக்கச் சொன்னதுக்கு பேப்பர் இருக்கான்னு கேப்பான். உனக்கு ஃபோர்மேன் எழுதி வெச்சிருக்கேன். வேற தாள்ல, பரிசீலித்ததில் காரணம் தெரியவில்லைன்னு எழுதிக் குடு. இதை எடுத்துடலாம்."

"சவரிமுத்து?"

"லாரி ஓட்டிப் பொழைச்சுக்குவான்யா. டிரைவருக்கா வேலை இல்லே?"

"அவனுக்கு இந்த வேலைதாங்கய்யா வேலை. நான் எடுக்கலீங்க."

அவர் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, வேறொன்றைப் பிரித்துக்கொண்டார். நான் வெளியே எழுத்தர் மேசையில் உட்கார்ந்து, 'பேசுக'வுக்குக் கீழே எப்போதும்போல் 'பேசப்பட்டது' என்று எழுதினேன். கை அங்கே நிற்கவில்லை. 'என் குறிப்பைத் திரும்பப் பெறும்படி அலுவலர் சொன்னார். நான் இணங்கவில்லை' என்று சேர்த்து ஒப்பமிட்டேன். எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, இப்படியெல்லாம் எழுதுவாகளா?" என்றார். தாள் எண் போட்டது, அதன் முன்பக்கம் பரமேஸ்வரனின் சொந்தக் குறிப்பும் கையெழுத்தும். கிழிப்பதென்றால் அதையும் சேர்த்துத்தான் கிழிக்க வேண்டும். கோப்பு அப்படியே மதுரைக்குப் போயிற்று.

செயற்பொறியாளர் நேரில் வந்தார். வேட்டி கட்டிய ஆள். தரையில் கோணியைப் போடச்சொல்லிப் படுத்து, வண்டிக்கு அடியில் போனார். ரப்பரை விரலால் தடவி, வெளியே வந்து விரலைப் பரமேஸ்வரனுக்குக் காட்டினார். என்னைப் பார்த்து, "இப்ப ஒழுங்கா அளந்து காட்டுங்க" என்றார்.

அளந்து காட்டினேன். தொங்கவிட்டு, நடுவிலிருந்து நடுவுக்கு ஒரு அளவு. பிறகு பட்டைகளைக் கழற்றி, அடிப்பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, அச்சை ஜாக்கியால் ரப்பரில் முட்டும்வரை ஏற்றி இன்னொரு அளவு. சாக் நீண்டால் முதல் அளவைத் தாண்ட வேண்டும், சுருங்கினால் இரண்டாவதற்கு அரை அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக. ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் தொங்கும்போதும் ஒருமுறை. மதுரை ஸ்டோரில் இருந்தது நாலே அளவு. எதுவும் இரண்டுக்கும் பொருந்தவில்லை. நீளத்துக்குச் சரியாக இருந்த ஒன்றை எடுத்து, ரப்பர்க் கட்டைக்கு மேல் ஓர் அங்குல இரும்புத் துண்டு வைத்து அதைக் கீழே இறக்கினேன். அச்சு முன்னதாகவே ரப்பரில் முட்டி நின்றுவிடும், சாக் தப்பித்துக்கொள்ளும். அளக்க மட்டும் முழுதாக ஒரு பகல் பிடித்தது. இந்த ஒரு பகலை முதலிலேயே செலவழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தச் சாக் நாலு வருஷம் உழைத்தது.

பரமேஸ்வரன் மாற்றலாகிப் போனார். எனக்குக் கண்டனக் குறிப்பு வந்தது. ஃபோர்மேன் இடம் இன்னொருவருக்குப் போய், எனக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. சவரிமுத்துவைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். நிரந்தரமும் ஆக்கினார்கள்.

அவன் திரும்பி வந்த காலையில், ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவன் சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வண்டி வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லண்ணே?"

"ஆமா."

"நான் வந்து கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்."

"சரிங்கண்ணே" என்றான்.

அதன் பிறகும் அண்ணே என்றுதான் கூப்பிட்டான். மூத்த மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை எனக்குத்தான் வைத்தான், பந்தியில் பக்கத்தில் நின்று பரிமாறினான். ஆனால் வேலைக்குத் திரும்பி வந்த அன்று காலையில், நான் முந்தின நாள் பார்த்துக் கையெழுத்துப் போட்டு விட்டிருந்த ஜீப்புக்கு அடியில், காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவன் படுத்தான். கையில் ஒரு டேப் இருந்தது, சொந்தக் காசில் வாங்கியது. ஒவ்வொரு சாக்காக அளந்து, ரப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"நான் பாத்துட்டேன்ப்பா" என்றேன்.

"இருக்கட்டும்ண்ணே" என்றான்.

நான் ஓய்வுபெறும்வரை, தினமும் காலையில் அவன் அப்படிப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.